பாஸ்வேர்டு தருவார், யூசர்நேம் தரமாட்டார்

எங்கள் வீட்டு வாடகை ரவுட்டருக்கு ஒரு குணம் உண்டு. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பச்சை விளக்கு எரியும். முதுகைத் திருப்பினால் சிவப்பாகிவிடும். நான்கு வருடத்துக்கு முன்னால் கேபிள்காரர் கொண்டுவந்து சுவரில் அறைந்த பெட்டி அது. இரண்டு கொம்பில் ஒன்று ஒடிந்துபோய், அம்மா அதைத் துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வி நிறுத்தியிருந்தாள். மாத பில்லில் 'உபகரண வாடகை' என்று ஒரு வரி வரும். அப்பா அந்த வரிக்கு அடியில் ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையால் கோடு போட்டு, பில்லைக் கோப்பில் சேர்ப்பார். அதற்குமேல் அவர் ஒன்றும் செய்ததில்லை. கோடு போட்டதே நடவடிக்கை எடுத்த மாதிரி என்பது அவருடைய நம்பிக்கை.

நடவடிக்கை எடுக்கவேண்டிய அவசியம் எனக்கு வந்தது. படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு ஒரு வேலை வாய்க்கப்போனது. சென்னையில் ஒரு கம்பெனி. வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் தமிழிலும் மலையாளத்திலும் பதில் சொல்லவேண்டும், அதுவும் வீட்டிலிருந்தே. பாறசாலையிலிருந்து குளத்தூர் போகும் வழியில் வீடு, பின்பக்க வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? உன் தாய்மொழி எது என்று நேர்முகத்தில் கேட்டார்கள். எதிரே நிற்பவர் பேசுவது எதுவோ அது என்றேன். சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் ஒரு நிபந்தனை சொன்னார்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அரைமணி நேரச் சோதனை அழைப்பு. மொபைல் நெட் கூடாது, வீட்டு லைன்தான். ஒரு தடவை அறுந்தாலும் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் தயாராக இருக்கிறாள் என்பதையும் மறக்காமல் சொன்னார்கள்.

மொபைல் நெட் எப்படியும் உதவாது. எங்கள் சமையலறையில் நின்றால் தமிழ்நாட்டு டவர் பிடிக்கும், முன்னறைக்கு வந்தால் கேரளத்து டவர். பேசிக்கொண்டே நடந்தால் நடு வாசற்படியில் பேச்சு அறுந்துபோகும். ஆக, என் பிழைப்பு முழுவதும் கிளிப் மாட்டிய அந்தப் பெட்டியின் கையில் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி இல்லையென்று விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவர். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணனுடைய வருமானச் சான்றிதழையே இரண்டு முறை திருப்பினார். அந்த மாமா இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாயாவோடு நிறுத்திக்கொள்வார், பலகாரத்தைத் தொடமாட்டார். சொந்த ரவுட்டர் வாங்கினால் பில்லில் அந்த வாடகை வரியே இருக்காது என்றதும் அப்பா சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

நெய்யாற்றின்கரைக்குப் போய் வாங்கி வந்தோம். நான்கு கொம்பு, கறுப்பு நிறம். அம்மா சுற்றிவந்து பார்த்தாள்.

"இது என்னவாக்கும், மல்லாந்து கிடக்குற கரப்பான் மாதிரி."

கரப்பானை நிமிர்த்தி வைத்தேன். கம்பியைச் சொருகினேன். திரை இரண்டு கேள்வி கேட்டது. யூசர்நேம் என்ன, பாஸ்வேர்டு என்ன. இரண்டும் கேபிள் மாமனிடம் இருந்தன.

கேபிள் மாமன் எங்களுக்கு உறவில்லை. அப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். முதலில் டிவிக்குக் கேபிள் இழுத்தார், இப்போது இன்டர்நெட்டுக்கு இழுக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எண்பது வீடு அவர் கையில். எப்போது கூப்பிட்டாலும் "வாறேன்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, வரமாட்டார். நான் அவரைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. போனிலேயே கேட்டேன்.

"மாமா, புது ரவுட்டர் வாங்கியாச்சு. யூசர்நேமும் பாஸ்வேர்டும் சொன்னா நானே போட்டுக்கிடுவேன்."

"பாஸ்வேர்டு எழுதிக்கோ மக்கா. ஒண்ணு முதல் எட்டு வர. எல்லா வீட்டுக்கும் அதாக்கும்."

"செரி. யூசர்நேம்?"

மாமன் குரலைத் தாழ்த்தினார்.

"அது நீ கேக்கப்பிடாது."

"மாமா, பாஸ்வேர்டுதானே ரகசியம்?"

"அதெல்லாம் பட்டணத்துல. இங்க யூசர்நேம் ஆக்கும் ரகசியம்."

நான் கம்ப்யூட்டர் படித்தவள். இந்தப் பாடம் எந்தப் பருவத்திலும் வரவில்லை. வாடகை போய்விடும் என்று மனிதர் நழுவுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் கூப்பிட்டால், வேறு ரவுட்டர் போட்டால் கம்பியில் வெளிச்சம் கூடிப்போய் உதியன்குளங்கரை வரைக்கும் எல்லா வீட்டுக்கும் நெட் நின்றுபோகும் என்றார். புதன்கிழமை நேரிலேயே வந்தார், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று போனார். வியாழக்கிழமை கண்ணாடியோடு வந்தார். அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு பொருளை நிறுவும்போது உரிமையாளர் உடனிருக்கவேண்டும் என்பது அப்பாவின் கொள்கை.

மாமன் என் லேப்டாப்பின்முன் உட்கார்ந்தார். விரலை ஒரு எழுத்தின்மேல் கொண்டுபோனார், எடுத்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் அங்கோட்டுத் திரும்பி நில்லுங்க."

"எலே, எனக்க வீடு, எனக்க கனெக்‌ஷன். நான் எதுக்குலே செவரப் பாத்து நிக்கணும்?" என்றார் அப்பா.

"பாதுகாப்பு பிரச்சினை ஆக்கும்."

"யாருக்க பாதுகாப்பு?"

"எனக்க."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சர்வர் டவுன், நாளைக்கு வாறேன் என்று எழுந்து போய்விட்டார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். ஒன்று அவருடையது, ஒன்று அப்பாவுடையது.

சனிக்கிழமை வந்தது. எனக்கு மீதி இரண்டு நாள். அப்பா கண் காட்ட காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் வாடகைப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் கவிழ்த்தேன். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே நுழைவதற்கான விலாசமும் சாவியும் அதில் தெளிவாக அச்சடிக்கப்பட்டிருந்தன. கம்பெனி கொடுத்ததை மாமன் நான்கு வருடமாக மாற்றவே இல்லை. பூட்டைப் போட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறார். நுழைந்தேன். ஒரு பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு இருந்த இடத்தில் எட்டுப் புள்ளிகள். அதற்கு மேலே, எந்த மறைப்பும் இல்லாமல், ஆங்கில எழுத்தில்: ரெண்டுகார்டு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வாசித்ததும் துருவுவதை நிறுத்திவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"பாவி மனுஷன், அதையே கொண்டு போட்டுட்டானா."

"எதையம்மா?"

"நமக்க வட்டப்பேரு, பிள்ளே. ரெண்டுகார்டு வீடு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஊரறிந்த ஒரு வீட்டுப்பேரும், முதுகுக்குப் பின்னால் ஒரு வட்டப்பேரும் உண்டு என்பது தெரியும். பக்கத்து வீட்டு வட்டப்பேர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்களுக்கும் ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

அம்மா கதையைச் சொன்னாள். எல்லைக்கல் நட்டபோது, வீடும் தென்னந்தோப்புமாக இருந்த எங்கள் விளை இரண்டு மாநிலத்திலுமாகப் போய்விட்டது. வீடு இந்தப் பக்கம், தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகையான தேங்காய்ப்புரை அந்தப் பக்கம். அப்பாவின் அப்பா வீட்டு விலாசத்தில் கேரளத்து ரேஷன் கார்டு வாங்கினார். பிறகு தேங்காய்ப்புரை விலாசத்தில் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் வாங்கினார். இந்தப் பக்கம் அரிசி, அந்தப் பக்கம் சீனியும் மண்ணெண்ணெயும். ஒரே குடும்பம், இரண்டு அரசாங்கம். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"எனக்குக் கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளே தெரியும்" என்றாள் அம்மா. "கிணத்தடியில வச்சு ஒருத்தி கேட்டா, ரெண்டுகார்டு வீட்டுக்கு வந்த பெண்ணு நீதானான்னு."

"அப்பாவுக்கு?"

"அவருக்க முன்ன யாரு சொல்லுவா? வில்லேஜ் ஆபீஸ்ல இருந்த ஆளுல்லா. நாளைக்கு ஒரு சர்டிபிகட் வேண்டாமா?"

நான் மாமனைக் கூப்பிட்டேன். 'ரெண்டுகார்டு' என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவர் ஸ்கூட்டரை ஓரம் கட்டுவது கேட்டது.

"மக்கா, நான் வேணுமின்னு செய்யல. கம்பெனிக்காரன் எண்பது வீட்டுக்கும் உச்சக்குள்ள, பன்னெண்டு மணிக்கு முன்ன, பேரு வேணும்னு சொன்னான். ஒரு பேரு ரெண்டு வாட்டி வரப்பிடாது. நமக்க ஊருல பதினாலு புத்தன்வீடு உண்டு, ஒம்பது மேலேவிளை உண்டு. நான் எங்க போவேன்? வட்டப்பேரு மாத்திரம்தான் ஒண்ணுக்கொண்ணு இடிக்காது."

தொழில்நுட்பப்படி அதில் ஒரு குறையும் சொல்லமுடியவில்லை. இவ்வளவு கச்சிதமான அடையாளப் பட்டியலை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. மற்ற வீடுகளுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து இப்போது வந்துவிடுவார் என்றேன். உடனே மூன்று சொன்னார். எப்போதும் தாமதமாக வரும் வாத்தியார் வீடு 'அரைமணிக்கூறு'. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வழக்குப் போட்ட வீடு 'கோடதி'. மூன்றாவது வீட்டுக்காரர்கள் இன்னும் எங்களோடு பேசிக்கொண்டிருப்பதால் அதை இங்கே எழுதவில்லை.

"உனக்க அப்பன்கிட்ட மாத்திரம் சொல்லாத மக்கா" என்றார் மாமன். குரலில் விளையாட்டு போயிருந்தது. "எண்பது வீடும் அறிஞ்சு எண்பது வீடும் போனா போட்டும். அவன் எனக்க கூட பேசாம மிண்டாம இருந்தா என்னால தாங்க ஒக்காது. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா இருந்தவனாக்கும்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். போனை வைத்தபிறகு அம்மா மாமனுடைய வட்டப்பேரையும் சொன்னாள். அந்த வீட்டுக்கு ஊர் வைத்திருக்கும் பேர் 'வாறேன்'. பாவம், அவருடைய பட்டியலில் அது மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டியில் யூசர்நேமைப் போட்டேன். பிடித்துக்கொண்டது. நான்கு கொம்பும் உயிர்பெற்ற மாதிரி இருந்தது. வீட்டில் எந்த மூலையிலும் அறுபடவில்லை. நான் அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் புதியது எவ்வளவு வேகம் என்று தெரியவேண்டுமென்றால் பழையது எவ்வளவு வேகம் என்று தெரியவேண்டாமா? கம்பியைப் பிடுங்கிப் பழையதில் சொருகி அளந்தேன். திரும்பப் புதியதில் சொருகி அளந்தேன். முன்னறையில் ஒரு தடவை, அடுக்களையில் ஒரு தடவை, அம்மா நம்பாததால் அவளுக்காக இரண்டு தடவை. கட்டம் போட்டு எழுதி வைத்தேன். பதினோராவது மாற்றத்தில் இரண்டு பெட்டியிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே கணக்கை இரண்டு பெட்டி மாறி மாறிக் கேட்டால் யாரோ திருடுகிறார்கள் என்று கம்பெனியின் இயந்திரம் முடிவு செய்துவிடுமாம். கணக்கு பூட்டப்பட்டது, அலுவலகத்தை அணுகவும் என்று திரையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது.

நானே என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டேன் என்பது புரிந்தது. மாமனுக்குப் போன் செய்தேன்.

"என்ன செய்த நீ?"

"ஒப்பிட்டுப் பாத்தேன் மாமா."

"எத்தன வாட்டி?"

"பதினொண்ணு."

அவர் பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வாறேன் என்று சொல்லாமலேயே வந்த முதல் நாள் அது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். கனெக்‌ஷன் அப்பா பேரில், அப்பாவின் நம்பரில். அந்த போனை எடுத்து ஒன்பதரைக்கு அலுவலகத்தைக் கூப்பிட்டேன். பாட்டு, பிறகு இன்னொரு பாட்டு, பத்து மணிக்கு ஒரு பெண் எடுத்தாள். மலையாளத்தில் அழகாகப் பேசினாள். கணக்கைத் திறந்துவிடலாம், ஆனால் கணக்குக்காரர்தான் பேசவேண்டும் என்றாள்.

மாமன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"ஹலோ, ஞான் தன்னெயாணு."

நான்தான் என்றார். பிறந்த தேதி கேட்டாள். மாமன் சட்டென்று சொன்னார். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்தவருக்குத் தெரியாதா? தெரிந்ததுதான் தப்பு. அது அப்பா பிறந்த உண்மையான தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதிக்கொடுத்த தேதிதான் எல்லாக் காகிதத்திலும் இருந்தது. பொருந்தவில்லையே சார் என்றாள் அவள். மாமன் இன்னொரு தடவை அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பா நின்றார்.

"எலே, நீ எப்போலே நான் ஆன?"

மாமன் போனை அப்பாவிடம் நீட்டினார். பழைய பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இதை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டு வாறேன் என்று படியிறங்கப் பார்த்தார்.

"நில்லு. ரசீது எழுதித் தந்துட்டுப் போ" என்றார் அப்பா.

மாமன் நின்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டார். பேச்சு பதிவு செய்யப்படும் என்று அந்தப் பெண் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை இல்லாத மார்பில் துண்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். பிறந்த தேதி சரி. விலாசம் சரி. அடுத்து யூசர் ஐடி.

இதற்கு நான் தயாராக இருந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, நிறைய இடம்விட்டு எழுதி வைத்திருந்தேன். சேர்த்து வாசிக்கத் தோன்றக்கூடாது என்பது திட்டம். அப்பா அதை வாங்கி, சர்வே நம்பர் வாசிக்கும் குரலில், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். முப்பது வருடம் பொருளைப் பார்க்காமல் வாசித்த பழக்கம் கைகொடுத்தது. கடைசி எழுத்தையும் சொல்லி முடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாமன் மூச்சு விட்டார். நான் மணியைப் பார்த்தேன், பத்து முப்பத்தெட்டு.

அந்தப் பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்பவள்.

"ரெண்டு கார்டு. அங்ஙனெ அல்லே சார்? சாரின்டெ வீடு தன்னெயல்லே? ஒந்நு கன்ஃபேம் செய்யணே."

உங்கள் வீடுதானா, உறுதிப்படுத்துங்கள் என்கிறாள். அப்பா தாளைப் பார்த்தார். இந்த முறை எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தார் என்பது அவர் உதடு அசைந்ததில் தெரிந்தது. பிறகு மாமனைப் பார்த்தார். மாமன் ரவுட்டரைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர் இல்லை என்று சொன்னால் என் வேலை போயிற்று. ஆமாம் என்று சொன்னால், யாருக்கும் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், பதிவாகும் குரலில் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"சார், லைனில் உண்டோ?"

"உண்டு" என்றார் அப்பா. தொண்டையைச் செருமினார். "அதெ. ஞங்ஙள் தன்னெயாணு."

ஆமாம், நாங்கள்தான். அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அப்பா கையை உயர்த்தினார், அவள் பார்க்கமுடியாது என்றாலும்.

"பக்ஷே, ஒரு தெற்று உண்டு. ரெண்டல்ல. மூணு."

ஆனால் ஒரு தப்பு இருக்கிறது, இரண்டல்ல, மூன்று என்கிறார். மாமன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

பேர் திருத்தம் இங்கே செய்யமுடியாது சார், அதற்குக் கேபிள் ஆபரேட்டர் வழியாக விண்ணப்பம் தரவேண்டும் என்றாள் அவள். அந்தப் பதிலை அப்பா மிகவும் மதித்தார் என்று நினைக்கிறேன். நன்றி சொல்லி வைத்தார். பத்து நாற்பத்தைந்துக்குப் புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"எலே" என்று ஆரம்பித்தார் மாமன்.

"நீ மிண்டாத. ஒரு விவரத்தப் பதியும்போ விசாரிக்காண்டாமா? எனக்க கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

"மூணாவது எதாக்கும்?"

அப்பா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது கார்டு அந்தப் பக்கத்து மாட்டுப்புரை விலாசத்தில் இருந்ததாம். ஒரே ஆள் பேரில் இரண்டு தமிழ்நாட்டுக் கார்டு வாங்க முடியாதல்லவா? அதனால் தாத்தா அதை அப்பா பேரில் வாங்கியிருந்தார். அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது. கார்டில் முப்பத்தைந்து, குடும்பத் தலைவர். சாமான் வாங்க அப்பாவே சாக்கோடு போய் வரிசையில் நிற்பார். அப்பன் எங்கலே என்று கடைக்காரர் கேட்டால், வேலைக்குப் போயிருக்காவ என்று சொல்லவேண்டும். சில மாதம் சுகமில்லாம கிடக்காவ என்றும் சொல்லியிருக்கிறார். தன்னையே நோயில் கிடத்தியிருக்கிறார்.

"ஒரு நாள் அந்தக் கடைக்காரரு ரொம்ப விசாரிச்சாரு" என்றார் அப்பா. "அப்பனுக்குக் குடுன்னு ஒரு பொட்டலம் கருப்பட்டி தந்து விட்டாரு. நான் வரப்புல இருந்து தின்னேன். அப்பனுக்குள்ளதுதானே."

முதலில் சிரித்தது மாமன். ரவுட்டரை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா அவரை முறைத்தார். பிறகு, முறைப்பை எடுக்காமலேயே, "உக்காரு, சாயா குடிச்சிட்டுப் போ" என்றார். மாமன் உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"குடும்பத் தலைவருன்னா, குடும்பம் உண்டுமா அதுல?"

"உண்டு."

"பெண்டாட்டி?"

"பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளையும்."

"அப்போ எனக்கு முன்ன ஒருத்தி இருந்திருக்கா."

"கார்டுல ஆக்கும்."

"பேரென்ன?"

அப்பா யோசித்தார். "ஓர்மை இல்ல."

"ரெண்டு பிள்ள பெத்தவளுக்க பேரு ஓர்மை இல்லியா?"

மணி பத்து ஐம்பத்தெட்டு. நான் லேப்டாப்போடு அறைக்குள் ஓடினேன். மழையில் ஊதிப்போன கதவு, முழுதாக அடைக்காது. தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். சரியாகப் பதினொன்றுக்கு அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து ஒரு மேலாளர் மேடம். கோபமான வாடிக்கையாளராக நடித்துத் தமிழில் திட்டினார், நான் சமாதானம் சொன்னேன். கூட இருந்த இன்னொருவர் மலையாளத்தில் திட்டினார், அதற்கும் சொன்னேன். கதவுக்கு வெளியே விசாரணை தொடர்ந்தது. அப்பா ஏதோ ஒரு பேரைச் சொன்னார். "அது உங்க அத்தைக்க பேரில்லா, கள்ளம் சொல்லாதிய" என்றாள் அம்மா. மாமன் நடுவில் புகுந்து ஒரு பேரைச் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரையும் கூண்டில் ஏற்றினாள். நான் பாட்டுக்குத் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டு மொழியிலும் வருந்திக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மேடம் நடிப்பை நிறுத்தினார்.

"லைன் ஒரு தடவைகூடக் கட் ஆகலை. சத்தம் ரொம்பத் தெளிவா இருக்கு. புதன்கிழமையிலேர்ந்து சேர்ந்துக்கங்க."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அழைப்பை வைக்கவில்லை.

"ஒண்ணு கேட்கலாமா? பின்னால ஒருத்தங்க பேரு கேட்டுக்கிட்டே இருந்தாங்களே, கிடைச்சுதா?"

"இல்ல மேடம். அப்பாவுக்கு ஞாபகம் இல்லையாம்."

மேடம் மறுபடியும் மேலாளர் குரலுக்கு மாறினார்.

"அம்மாகிட்ட, பேரு கிடைக்கிறவரைக்கும் விட்டுடவேண்டாம்னு சொல்லுங்க."

தலையணையை நகர்த்திக் கதவைத் திறந்து, வேலை கிடைத்துவிட்டது என்பதற்கும் முன்னால், அதைத்தான் போய்ச் சொன்னேன்.